பழைய கெர்னல்

எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. அதற்கு அம்மா ஓர் உறை தைத்துப் போட்டிருக்கிறாள். நீலக் கட்டம் போட்ட சட்டைத் துணி. பொத்தான் துளைகள்கூட ஒரு பக்கம் அப்படியே இருக்கும். அண்ணன் சிங்கப்பூருக்குப் போவதற்கு முன்பு வீட்டில் கழற்றிப் போட்டுவிட்டுப் போன சட்டை அது. பெட்டிக்குள் ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் வெள்ளிக்கிழமை சாமி படங்களைத் துடைக்கும்போது அதையும் சேர்த்துத் துடைப்பாள். அந்தப் பெட்டியைப் பார்த்தால் எனக்கு அண்ணன் முகத்துக்கு முன்னால் சித்தப்பாவின் முகம்தான் வந்து நிற்கும். செத்தவனை நிம்மதியாக நினைக்கக்கூட விடாமல் உயிரோடு இருக்கிற ஒரு மனிதர் குறுக்கே நிற்பதை என்னவென்று சொல்வது?

சித்தப்பா அப்பாவின் கூடப் பிறந்த தம்பி. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருந்தார். விண்டோஸ் வைத்திருப்பவர்களை ஏதோ சொந்தமாகச் சோறு வடிக்கத் தெரியாதவர்களைப் போலப் பார்ப்பார். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ்மேல் அண்ணனுக்குப் பைத்தியம் பிடித்ததே அவரால்தான். பிறகு வாய்க்கால் தகராறு வந்தது. அவருடைய வயல் எங்கள் வயலுக்குக் கீழே இருந்தது. எங்கள் நிலத்தின் குறுக்கே வாய்க்கால் வெட்டினால் அவருக்குத் தண்ணீர் சுலபமாகப் போகும். அப்பா முடியாது என்றார். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசியபோது அண்ணனும் அப்பா பக்கம் நின்று, "அப்புடி ஒரு வாய்க்கா எப்பவுமே இருந்ததில்லைங்க" என்று சொல்லிவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. அப்பா செத்த பிறகும் நின்றது நின்றதுதான்.

எங்கள் பக்கத்தில் பேச்சு நின்றுவிட்டால் அதற்கும் ஒரு முறை உண்டு. நல்லதுக்குப் போக வேண்டியதில்லை, சாவுக்குப் போயே ஆக வேண்டும். போன இடத்தில் பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. சொல்லியே தீர வேண்டிய விஷயம் இருந்தால் ஆளைப் பார்த்துச் சொல்லக் கூடாது, சுவரைப் பார்த்துச் சொல்லலாம். அப்படிச் சொல்வதைப் பெரிய மனசு என்று எடுத்துக்கொள்வார்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. இரண்டு வீடுகள் தலைமுறைக்கும் சுவர் வழியாகவே கல்யாணச் சேதியும் இழவுச் சேதியும் சொல்லிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் சர்வர் அறை ஒன்றில் வேலை பார்த்தான். போவதற்கு முன் எங்கள் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, அவன் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகும்படி செய்து வைத்தான். அம்மாவிடம் அப்போது பொத்தான் போன்தான். அவள் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து அவனோடு பேசுவாள். அவன் வைத்த பிறகு அதே பேச்சை மறுபடியும் போட்டுக் கேட்பாள். "சாப்ட்டியாம்மா? மாத்திர போட்டியா? பொய் சொல்லாத, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது." பேச்சு இதைத் தாண்டிப் போகாது. அதையே ரேடியோப் பாட்டு கேட்பதுபோல நெல் புடைத்துக்கொண்டே கேட்பாள். அங்கிருந்தே எங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பழுது பார்ப்பதும் அவன்தான். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அப்டேட்டை ஓட விட்டுப் போவான். எங்கள் ஊர் நெட்டுக்கு அது மத்தியானம் வரை இழுக்கும். "ஓடிக்கிட்டு இருக்கும்போது யாரும் ஆஃப் பண்ணாதீங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வான்.

அப்படி ஒரு காலையில் வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதி அவன் செத்துப் போனான். அவன் போனும் அவனோடு நசுங்கியது. சேதி எங்கள் வீட்டுக்கு வந்ததும் தெருவே திரண்டு வந்தது. சாவு வீட்டில் டிவி ஓடக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். எதிர்வீட்டு அத்தை அழுதுகொண்டே கூடத்துக்கு வந்து டிவியை அணைத்தாள். பக்கத்தில் இன்னொரு திரை வெளிச்சமாக இருந்ததைப் பார்த்து, அதன் வயரையும் பிடுங்கிப் போட்டாள். அவள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. அவளுக்கு அது இன்னொரு டிவி, அவ்வளவுதான். புதுக் கெர்னல், அதாவது கம்ப்யூட்டர் எழுந்திருப்பதற்கு முதலில் வேண்டிய அடிப்படை நிரல், பாதி ஏறிய நிலையில் நின்று போனது.

உடல் வந்து, எரித்து முடித்த பிறகு அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவன் பேசுறத ஒரு தடவ போட்டுக் காட்டு." நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகக் கொட்டி, கடைசியில் 'கெர்னல் பேனிக்' என்ற வரியோடு உறைந்து நின்றது. எத்தனை முறை போட்டாலும் அதேதான். அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கருமாதி வரைக்கும் அந்தத் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

கருமாதியன்று மன்னார்குடியிலிருந்து ஒரு ரிப்பேர்க்காரரை வரவழைத்தோம். விண்டோஸ் தவிர வேறொன்றும் தெரியாத, ஆனால் நல்ல மனிதர். "டிஸ்க்கக் கழட்டி வேற மெஷின்ல மாட்டிப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் சித்தப்பா உள்ளே வந்தார். முறைக்காக வந்தவர் திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தார். அம்மா எழுந்து அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கையால் திரையைக் காட்டினாள். அவர் திரும்பி, அப்பா படம் மாட்டியிருந்த சுவரைப் பார்த்தார்.

"உள்ள இருந்ததெல்லாம் போயிருச்சு போல. கெளறுனா இன்னும் கெடும். அழிச்சிட்டுப் புதுசா போடச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிள்ளையின் குரல் போனதற்காக மட்டும் இல்லை, இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசிவிட்டார் என்பதற்காகவும் அழுதாள். ரிப்பேர்க்காரர் எல்லாவற்றையும் அழித்தார். அடுத்த நடவுப் பட்டத்திலேயே அம்மா எங்கள் நிலத்தின் குறுக்கே வாய்க்கால் வெட்டிக்கொள்ளச் சொல்லி அவருக்கு ஆள் அனுப்பினாள். அவரும் வெட்டிக்கொண்டார், சுற்றி வந்த பழைய தண்ணீர் வழியைத் தூர்ந்து போக விட்டுவிட்டார். பேச்சு வந்தது, பொங்கலுக்குப் பூசணிக்காய் போனது. "அன்னைக்கு அவரு மட்டும் வந்து சொல்லலன்னா நான் அதையே பாத்துக்கிட்டு செத்துருப்பேன்" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

பல வருஷம் கழித்து, தஞ்சாவூரில் நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் அதே மாதிரி உறைந்து நின்றது. பக்கத்து இருக்கைக்காரர் டீ குடித்துக்கொண்டே ஷிப்ட் பொத்தானைப் பிடித்தபடி மறுபடியும் போட்டார். ஒரு பட்டியல் வந்தது. புதுக் கெர்னல் ஏறாமல் போனால் பழையது கீழே அப்படியே இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்றார். கம்ப்யூட்டர் திறந்துகொண்டது. அவருடைய டீ இன்னும் தீரவில்லை. நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளையின் குரலைத் தன் கண் முன்னாலேயே அழிக்க விட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். அந்த ஆளுக்காக அவள் அந்த வேதனையை வேறு படவேண்டுமா?

போன மார்கழியில் சித்தப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மகள் ஆஸ்திரேலியாவில், நிறைமாதம். அவளோடு பேசுகிற கம்ப்யூட்டர் அப்டேட்டுக்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. "போய்ப் பாத்துக் குடு, பாவம்" என்று அம்மாவே என்னை அழைத்துக்கொண்டு போனாள். திரையில் அதே கறுப்பு, அதே வெள்ளை வரிகள். நான் வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"இந்தக் கை நல்லா இருந்தா நானே பாத்துருப்பேன்" என்றார் சித்தப்பா, கோணிய வாயோடு. "ஷிப்ட்டப் புடிச்சுக்கிட்டே போடு பாப்பா. பழசு கீழ இருக்கும், ஒண்ணும் போயிருக்காது. பசங்களுக்கு மொத நாளே நான் இதத்தான் சொல்லிக் குடுப்பேன்."

போட்டேன். பழையதைத் தேர்ந்தெடுத்தேன். திறந்துகொண்டது. மகளுடைய வளைகாப்புப் படம் திரை முழுக்க வந்தது. அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"இதே எழுத்துதானே நம்ம வீட்லயும் நின்னுச்சு?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஆமாம்மா."

"அப்ப அதுவும் போவலயா?"

நான் சித்தப்பாவையே பார்த்துக்கொண்டு போகவில்லை என்று தலையாட்டினேன். "அண்ணி, கொஞ்சம் கேளுங்க அண்ணி" என்றார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. காலண்டர் மாட்டியிருந்த சுவரின் பக்கம் திரும்பினாள். "கம்ப்யூட்டரு தொறந்துருச்சு. மககிட்டப் பேசிக்கச் சொல்லுங்க" என்றாள். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் நடந்து வந்துவிட்டாள்.

ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நேரம். சித்தப்பா வயலில் கதிர் பால் பிடித்திருந்தது. மறுநாள் விடிந்ததும் அம்மா ஆள் வைத்து அந்த வாய்க்காலைத் தலையிலிருந்து கடைசி வரை மண் போட்டுத் தூர்த்தாள். அவருடைய பண்ணையாள் ஓடி வந்து, "பயிரு காயுதுங்கம்மா, ஒரு தண்ணி விட்டாப் போதுங்க" என்று கெஞ்சினார். அம்மா அப்பா படத்தைப் பார்த்து நின்றாள்.

"தூந்து போச்சு போல. கெளறுனா இன்னும் கெடும். அழிச்சிட்டு வேற எங்கயாவது புதுசா வெட்டிக்கச் சொல்லுங்க."

அந்தப் போகம் அவருக்கு மாட்டுக்கு வைக்கோல்தான் மிஞ்சியது. சத்தியமாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மாவுக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. இப்போதும் வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் பெட்டியைத் துடைக்கிறாள். துடைத்து முடித்ததும் உறைமேல் கையை வைத்துக்கொண்டு, "அன்னைக்கு அந்தப் பொத்தானப் புடிச்சிருந்தா பேசியிருப்பானா?" என்று கேட்கிறாள். போன வாரமும் கேட்டாள். பேசியிருப்பாம்மா என்று சொன்னேன்.