கருப்பு டயல் வாட்ச்

கல்யாணத்துக்குக் கருப்பு ஆகாது. என் அண்ணன் வாட்சின் டயல் கருப்பு. நடந்தது இவ்வளவுதான்.

அண்ணன் பிரான்சுக்குப் போனது கல்யாணத்தால். அண்ணிக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி. பாகூர்ப் பக்கம் கூலிக்குக் கரும்பு வெட்டுகிற வீட்டுக்கு அப்படி ஒரு சம்பந்தம் வந்தால் ஊர் வாயைப் பிளக்காதா? அங்கே ஓட்டலில் பாத்திரம் தேய்த்து, அப்புறம் சமையல்காரனாகி, முதல் லீவுக்கு வந்தபோது கையில் அந்த வாட்ச். பெரிய கம்பெனி வாட்ச், யாரோ கட்டிப் பழசானதாம். செகண்ட் ஹாண்டில் வாங்கவே வருஷக்கணக்கில் சேர்த்திருக்கிறான். பின்மூடியில் தன் பெயரை வெட்டி வைத்திருந்தான். கடைக்காரன் வாட்ச் நம்பரும் அவன் பெயரும் போட்டுக் கொடுத்த பேப்பரையும் பெட்டியையும்கூடக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். சீமான் என்று நினைப்பு! திரும்பிப் போகும்போது அதைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தான். தங்கச்சிக்கு வரப்போகும் மாப்பிள்ளைக்குக் கட்டுங்கள், நான் வேறு வாங்கிக்கொள்கிறேன் என்றான்.

வேறு வாங்கவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே ரோட்டில் வண்டி மோதிச் செத்துப்போனான். உடம்பைக் கொண்டுவர எங்களுக்கு ஏது வழி? அங்கேயே அடக்கம் செய்தார்கள். நாங்கள் போனில் பார்த்து அழுதோம்.

அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தாள். அப்பாவுக்கு உட்கார்ந்து அழவும் ஓர் இடம் இல்லை. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சின்னக் குழி வெட்டினார். அவன் சட்டை, பள்ளிக்கூடச் சர்டிபிகேட், அவன் பெயர் எழுதிய காகிதம் என்று வீட்டில் இருந்த எல்லாவற்றையும் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டார். வாட்சின் பெட்டியும் பேப்பரும் அதோடு போயின. அவன் பெயர் போட்டது அவனுக்குத்தானே சேரவேண்டும் என்றார். சர்ச் சாமியார் முதலில் தயங்கினார். அப்புறம் மனமிரங்கி வந்து மந்திரித்துக் கொடுத்தார். மேலே ஒரு சிலுவை நட்டோம். கல்லறைத் திருநாளுக்கு எல்லோரையும்போல நாங்களும் புல் செதுக்கிப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவோம்.

மறு வருஷம் எனக்கு வரன் கூடிவந்தது. செத்தவன் வாட்சை மாப்பிள்ளை கையில் கட்டுவதா என்று அப்பாவுக்குக் குழப்பம். மகன் ஆசைப்பட்டதைக் கட்டாமல் விடவும் மனசில்லை. கடைசியில் வில்லியனூரில் ஒரு வாட்ச் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கருப்பு டயல் போய்த் தங்க நிற டயல் வந்தது. முள்ளும் தங்க நிறம். பெயர் வெட்டிய பின்மூடிக்குப் பதிலாக வழுவழுவென்று ஒன்று. கீறல் விழுந்த செயினுக்குப் பதிலாகப் பளபளவென்று புதுச் செயின். கழற்றியதை எல்லாம் கடையிலேயே விட்டுவிட்டு வந்தார். துக்கம் கொஞ்சமும் ஒட்டக்கூடாதாம். மண்டபத்தில் அதை என் வீட்டுக்காரர் கையில் அப்பாவே கட்டிவிட்டார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் அப்புறம் பார்த்ததே இல்லை.

போன வருஷம் அண்ணி போன் செய்தாள். அவள் வேறு கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை குட்டியோடு இருக்கிறாள். அதில் எனக்கு வருத்தமில்லை, சின்ன வயசு. அவள் சொன்ன சேதிதான் வருத்தம். அங்கே புதைத்த இடம் நமக்குச் சொந்தமில்லையாம், குத்தகை மாதிரியாம். கெடு முடிகிறது, பணம் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் எலும்பைத் தோண்டி எடுத்துவிட்டுக் குழியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இனிமேல் தன்னால் கட்ட முடியாது என்றாள். செத்தவனுக்கும் வாடகையா என்று கத்தினேன். அவள் அழுதாள். அவளிடம் கத்தி என்ன ஆகப்போகிறது?

என் வீட்டுக்காரருக்குச் சேதராப்பட்டில் ஷிப்ட் வேலை. மெஷினில் வாட்ச் கட்டக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் கட்டுவார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“மச்சான் வாட்ச்சு. மச்சானுக்கே போவட்டும்.”

விற்பனைக்கு என்று போனில் படம் போட்டதும் சென்னையிலிருந்து ஒரு வியாபாரி பார்க்க வந்தார். வில்லியனூரில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்தோம். அப்பாவும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே வந்துவிட்டார். வியாபாரி கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, பின்மூடியைத் திறந்து, வெகுநேரம் பார்த்தார். உள்ளே மெஷின் ஒரிஜினல்தான், ஆனால் டயலும் முள்ளும் செயினும் மூடியும் இதனுடையது இல்லை என்றார். இந்த வாட்சில் கருப்பு டயல் என்றால் இன்றைக்கு அடித்துப்பிடித்து வாங்குகிறார்களாம். யார் மாற்றியது என்று கேட்டார்.

“நான்தாம்பா” என்றார் அப்பா. “கல்யாணத்துக்குன்னு நல்லதா பாத்து மாத்தனேன்.”

அந்த ஆள் சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும், நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அவர் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பேப்பர் இல்லாமல் யாரும் தொடமாட்டார்கள், திருட்டுச் சரக்கு என்பார்கள் என்றார். பக்கவாட்டில் நம்பர் இருக்கிறது, அதே நம்பர் போட்ட பேப்பர் கிடைத்தால் இந்த நிலைமையிலும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவர் சொன்ன விலை அண்ணன் குழிக்குத் தாராளமாகப் போதும்.

பேப்பர் எங்கே இருக்கிறது என்று எனக்கும் அப்பாவுக்கும் தெரியும்.

பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். இறங்கிக் கரும்புக் கொல்லை ஓரமாக நடக்கும்போது நான்தான் ஆரம்பித்தேன். சாமியாரைக் கேட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்து பார்ப்போம், பேப்பரை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடியும் மூடிவிடலாம் என்றேன். ஒவ்வொரு மழைக்கும் அங்கே தண்ணீர் நிற்கும், காகிதம் கூழாகியிருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் பார்க்காமல் எப்படி விடுவது? அவர் திரும்பிப் பார்க்காமல் நடக்க நடக்க எனக்கு ஆத்திரம் ஏறியது. அங்கே கிடப்பதுதான் அண்ணன், இங்கே இருப்பது வெறும் பெட்டி என்று நடுரோட்டில் கத்திவிட்டேன்.

அப்பா நின்றார்.

“உனக்குப் பெட்டிடி. எனக்கு எம்புள்ள. அங்க அவன நானா பொதைச்சேன்? இங்கதான் பொதைச்சேன். என் கையால தள்ளுன மண்ண என் கையால தோண்ட சொல்றியா?”

கழற்றியதை அந்த வாட்ச் கடையில் கேட்டது, கடனுக்கு அலைந்தது என்று வேறு வழியெல்லாம் தேடிப் பார்த்தோம், எதுவும் கூடிவரவில்லை. தனியாகப் போய்த் தோண்டிவிடலாமா என்று இரண்டொரு தடவை கல்லறைத் தோட்டத்து கேட்வரைக்கும் போனேன். கை வரவில்லை. கெடு முடிந்துபோனது.

எடுத்துவிட்டார்கள் என்று அண்ணி ஒருநாள் சொன்னாள். அப்பாவிடம் போய்ச் சொன்னேன். மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு அப்படியே உட்கார்ந்தார். திட்டுவார், என்னையோ அண்ணியையோ கடவுளையோ ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். எடுத்து எங்கே வைத்தார்கள் என்று கேட்டார். அந்தக் கல்லறைத் தோட்டத்திலேயே ஓர் இடம் இருக்கிறதாம், இப்படி எடுத்தவர்களை எல்லாம் அங்கேதான் ஒன்றாக வைப்பார்களாம் என்றேன்.

“அப்ப அவங்கூட ஆளுங்க இருக்காங்க” என்றார். அப்புறம்தான் அவருக்கு அழுகை வந்தது. “இத்தினி வருசமா அந்தக் குளிருல ஒண்டியா கெடந்தாம்மா.”