இயந்திர அறையிலிருந்து கடலைக் கேட்டவர்

மெல்பேர்ன் மல்கிரேவில் உள்ள என் சரக்கறைக்கு அரிசி வந்திறங்கிய காலை. பனிமூட்டம் வாசல்வரை வந்து, உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல் நின்றது. இராசநாயகம் அண்ணையின் மகள் சுகந்தி தொலைபேசியில் அழைத்தாள். "அங்கிள், அப்பா போயிட்டார். நித்திரையிலேயே." அதன்பின் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள், எனக்கு ஒன்றும் ஏறவில்லை. வேலையாட்களை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். வேலை நேரத்தில் நான் உட்காருவதில்லை.

திருகோணமலையைச் சேர்ந்த அமரர் இராசநாயகம் அவர்களை மெல்பேர்ன் தமிழ்க் கடைக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். குளிர் அறை பழுதானால் அவரைத்தான் கூப்பிடுவோம். என் முதல் கடையில் ஒரு கோடைகாலம், உள்ளே மீன், வெளியே அனல், மோட்டார் நின்றுவிட்டது. வந்தவர் பெட்டியைத் திறக்கவில்லை. திருப்புளியின் நுனியை மோட்டாரில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். தூரத்தில் யாரோ பாடுவதைக் கேட்பவரின் முகம். "போட்டுப் பாரும்," என்றார். விட்டு விட்டு உறுமியது. "இது சாகேல்லைத் தம்பி. களைச்சுப் போச்சு." அன்று மாலையே அது ஓடியது. இவ்வளவு நுணுக்கமாக எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "கப்பலிலை," என்றார். வணிகக் கப்பலாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவரும் திருத்தவில்லை.

என் புது வீட்டுக்குக் குடிபுகுந்த நாளில்தான் அது எந்தக் கப்பல் என்று தெரியவந்தது. சாப்பாடு முடிந்து பழைய கதைக்கு வந்திருந்தோம். இலங்கையில் சண்டை தொடங்கிய காலம் அது. எங்கள் ஊர்ப் பக்கத்து ஆமி முகாமை, ஆயுதம் எடுத்த இயக்கப் பெடியள் சுற்றி வளைத்திருந்தார்கள். ஆமி வெளியே வர முடியாது, தரைப்பாதையில் நாங்கள் போக முடியாது. அவர்களுக்கும் கடல்வழியாகத்தான் சாப்பாடு வந்தது, எங்களுக்கும் கடல்வழியாகத்தான். நானும், இந்த விருந்துக்கும் வந்திருந்த தம்பிமுத்து அண்ணையும் ஒரு படகில் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் ஏற்றித் தீவுப் பக்கம் போய் விற்றோம். ஆபத்தான யாவாரம், நல்ல லாபம். மறைக்க என்ன இருக்கிறது?

அன்றும் நான் வழக்கமாகச் சொல்லும் கதையைச் சொன்னேன். விடிகாலைப் புகார், அடர்ந்த மூடுபனி. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெள்ளை. படகு தண்ணீரில் போகிறதா, கனவில் போகிறதா என்று இருந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து நேவியின் பீரங்கிப் படகு வந்தது. "ரெண்டு எஞ்சினும் முழங்க நேரா எங்களிட்டை வந்தது. பேந்து என்ன நினைச்சாங்களோ, திரும்பிப் போட்டாங்கள்," என்று முடித்தேன்.

"ரெண்டில்லைத் தம்பி," என்றார் இராசநாயகம் அண்ணை. "ஒண்டுதான் ஓடினது. மற்றது எண்ணைக் குழாய் வெடிச்சு நிண்டு போச்சு. அதாலைதான் திரும்பினது."

தம்பிமுத்து அண்ணை நிமிர்ந்தார். "உமக்கு எப்பிடித் தெரியும் ஐசே?"

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். "நான் அதுக்குள்ளை நிண்டனான். புகாருக்குள்ளை ஒரு படகைத் துரத்திப் பாதியிலை திரும்பினது அந்த ஒருநாள்தான். சண்டைக்கு முந்தியே எஞ்சின் வேலை பழகவெண்டு நேவியிலை சேந்தது. பீரங்கி மேலை, நான் கீழை. ஒரு யன்னலும் இல்லை. அந்தக் கடலை நான் கண்ணாலை பாக்கேல்லை. தண்ணி இரும்பிலை உரசுற சத்தம்தான் கேட்டது."

அறை இறுகிப்போனது. யாவாரி அல்லவா நான், இறங்கிவர ஒரு படி போட்டுக்கொடுத்தேன். "அண்ணை, வேணுமெண்டுதானே நிப்பாட்டினனீங்கள்?"

"இல்லைத் தம்பி. நான் திருத்திக்கொண்டு நிண்டனான். கை வெந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கிடைச்சிருந்தா ஓட்டியிருப்பன்."

"ஓட்டியிருந்தா?" தம்பிமுத்து அண்ணையின் குரல்.

"உங்களைப் பிடிச்சிருப்பம்."

தம்பிமுத்து அண்ணை கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அவருடைய சொந்தத் தம்பி அதே கடலில் வேறொரு படகில் போய்த் திரும்பாதவர்.

அதன்பிறகு கடைக்காரர்கள் வேறு ஆட்களைக் கூப்பிட்டார்கள். கோயிலில் அவர் பக்கத்து இடம் காலியாக இருக்கும். கிரெய்கிபர்னில் அவர் வீட்டுக்குப் போய் ஏசினேன். "ஒரு சொல்லை மாத்திச் சொல்லியிருந்தா மாலை போட்டிருப்பாங்களே!"

"போட்டிருப்பாங்கள். பேந்து தம்பிமுத்து என்னட்டை வருவார். 'எங்களுக்கு நிப்பாட்டின நீர், என்ர தம்பியின்ரை படகைக் கண்ட அண்டைக்கு ஏன் நிப்பாட்டேல்லை' எண்டு கேப்பார். அதுக்கு என்ன சொல்லுறது?"

கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

கடைசியாகப் பார்த்தபோது கட்டிலில் மிக மெலிந்து கிடந்தார். "தம்பிமுத்து சுகமோ?" என்றார். "சுகம். உங்களைக் கேட்டவர்," என்றேன். சிரித்தார். "நீர் யாவாரி. பொய்யையும் நிறுத்துத்தான் தருவீர். அவர் ஒருக்கா வந்து என்னை ஏசிப்போட்டுப் போனாலும் காணும்."

அவர் கண் மூடியபின் சிலர் எனக்குப் போன் எடுத்தார்கள். நினைவு மலரில், எஞ்சினை அவரே நிறுத்தினார் என்று எழுது, செத்தவருக்கு மரியாதை, சனமும் வரும் என்றார்கள். எந்தச் சரக்குக்கு எந்த லேபிள் ஒட்டினால் விலைபோகும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அவர் விற்க மறுத்ததை நான் எப்படி விற்பது? நடந்ததை நடந்தபடியே எழுதியிருக்கிறேன். அச்சுக்குக் கொடுக்குமுன் முதலில் தம்பிமுத்து அண்ணைக்குத்தான் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். கடைசிச் சந்திப்பில் இராசநாயகம் அண்ணை கேட்டதையும் வாசித்தேன். கேட்டுவிட்டு, "அஸ்தி எப்ப கரைக்கிறியள்?" என்று மட்டும் கேட்டார்.

அஸ்தி கரைக்கும் நாள் காலை, வாடகைப் படகு துறையில் நின்றது. குடா முழுக்கப் புகார். மறுகரை இருந்ததாகவே தெரியவில்லை. சுகந்தி கலசத்தை மடியில் வைத்துப் படகின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கயிற்றை அவிழ்க்கும் நேரம் பலகைத் துறையில் ஓர் உருவம் நடந்து வந்தது, சப்பாத்துகளைக் கையில் பிடித்தபடி. தம்பிமுத்து அண்ணை யாரிடமும் கதைக்காமல் ஏறினார். படகு கொஞ்சத் தூரம் போனபின் எழுந்து சுகந்தியிடம் வந்தார்.

"பிள்ளை, அப்பாவைக் கொண்டுபோய் முன்னுக்கு வை. இஞ்சை இருந்தா ஒண்டும் தெரியாது. அந்தாள் பாக்கட்டும்."

அவள் எழுந்தபோது படகு ஆடியது. அவரே கலசத்தை இரு கையாலும் வாங்கி, படகின் முன் அணியத்தில் வைத்து, அலையில் சரியாமல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். புகார் கலைந்து கலைந்து தண்ணீர் நீலமாகத் திறந்துகொண்டே போனது.

நல்லாய்ப் பாருங்கோ அண்ணை. போட்டு வாங்கோ.