பதினேழு பை இருபத்துமூன்று

கதவு எண் தகடு அடிக்கப் போகிறவனை ஒரு தெருவில் முதலில் கண்டுகொள்வது நாய்தான். இந்த வேலையில் காலம் தள்ளுகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரெஞ்சுப் பெயர் போட்ட வீதிகளில் கண்ணை மூடிக்கொண்டு எண் அடிப்பேன். என் சாமர்த்தியம் சந்தி சிரித்தது, தவளக்குப்பம் போகிற வழியில் ஆற்றோர இருளர் குடியிருப்பில்.

பூட்டிய வீடுகள்

அந்த மக்களை இத்தனை காலம் பதிவேட்டில் சேர்க்காதது தவறு, சரிசெய்வோம் என்று எங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் தீர்மானம் போட்டார்கள். எண் போடும் பொறுப்பு எனக்கு. காலை பதினொரு மணிக்குப் போனால் ஒருவரும் இல்லை. நண்டு பிடிக்க ஆற்றில் இறங்கியிருந்தார்கள். இருபத்துமூன்று வீட்டுக்கும் ‘பூட்டியிருந்தது’ என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் அந்த இடத்தைப் பார்த்தவர்.

“கதவே இல்லாத வூட்டை எப்படிய்யா பூட்டிட்டுப் போனாங்க?”

தோப்பின் கிளை

அதன்பின் சாயங்காலம் போகக் கற்றுக்கொண்டேன். பதிவேட்டில் இல்லாத வீட்டுக்குப் பக்கத்து எண்ணில் கிளை எண் போடுவது என் வழக்கம். பக்கத்தில் பதினேழாம் எண் தென்னந்தோப்பு. ஆகவே 17/1 முதல் 17/23 வரை தகடு எழுதி எடுத்துப் போனேன். என் வேகம் எனக்கே பெருமையாக இருந்தது.

முதல் வீட்டுக் கன்னியம்மா தகட்டை வாங்கிப் பார்த்தார். அவர் மகள் ரேவதிக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சாதிச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். அதற்கு விலாசம் மட்டும்தான் பாக்கி. இப்போதைக்கு வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு மாற்றலாம் என்று கெஞ்சினேன். தகட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் அப்பா அந்தத் தோப்பில் கொத்தடிமையாக இருந்து செத்தவர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“எங்கப்பா அந்தத் தோப்புக்காரருகிட்ட கெடந்தது போதும். எம் பொண்ணு அவரு நம்பர்ல இருக்க மாட்டா சார். ஒண்ணுலேந்து போடுங்க.”

ஒன்று

புது வீதிக்கு ஐந்து கையெழுத்து வேண்டும். இரண்டு நாள் மேசை மேசையாக நின்றேன். இழுத்தடித்தவர்களிடம் அவர்கள் போட்ட தீர்மானத்தையே நீட்டினேன், பேனாவைத் திறந்தார்கள். வீதிக்குப் பெயரைக் குடியிருப்பிலேயே கேட்டோம். தாங்கள் கும்பிடும் சாமியின் பெயரில் கன்னிமார் வீதி என்றார்கள். புதன்கிழமை கன்னியம்மா வீட்டு வாசல் கம்பத்தில் ஒன்றாம் எண்ணை அடித்தேன்.

வெள்ளிக்கிழமை ரேவதி அந்த விலாசத்தில் வாங்கிய சான்றிதழைக் கல்லூரியில் கொடுத்துவிட்டாள். மற்ற வீடுகளுக்கு எண் அடிக்கப் போனபோது கன்னியம்மா சொன்னார்:

“இனிமே யாராச்சும் தோப்புக்கு வழி கேட்டா, கன்னிமார் வீதிக்குப் பக்கத்துலன்னு சொல்லுங்க சார்.”

தீர்மானம் போட அலுவலகத்துக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. அதை ஆணியடித்து மாட்ட எனக்கு ஒரு வாரமும் ஒரு கட்டைவிரல் நகமும் செலவாயின.