ஒரே ஒரு தபா பாக்கட்டும்

நாள் முழுக்கத் தரையில உக்காந்து விளையாடிட்டு, சாயங்காலம் எழுந்திரிக்கச் சுவத்தைப் புடிக்கிற வேலைக்குப் பேர்தான் விளையாட்டுச் சிகிச்சை. அடுத்தவங்க கண்ணைப் பாக்கவே கூசற குழந்தைங்களுக்கு, விளையாட்டுக் காட்டி அந்தக் கூச்சத்தைக் குறைக்கணும். ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பக்கத்துல ஒரு மாடியில இதைத்தான் பண்ணிட்டிருக்கேன். நீங்களும் இதே பொழப்பா, இல்ல வீட்டுல ஒரு பிடிவாதக் குழந்தையை வெச்சுக்கிட்டு முழிக்கிறவங்களா? வாங்க, சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

தாடையைப் புடிக்காதீங்க

கோமதி திருக்கழுக்குன்றத்துல இருந்து பஸ் புடிச்சு, செங்கல்பட்டுல ரயில் ஏறி, நாலு வயசு மக வர்ஷினியைக் கூட்டிக்கிட்டு வருவாங்க. வர்ஷினி பேசுவா, பாடுவா, எல்லாம் ஃபேனைப் பாத்துதான். பெத்தவ மூஞ்சியைக்கூட நிமிந்து பாத்ததில்ல. “ஒரே ஒரு தபா என்னப் பாத்து சிரிச்சா போதும் மேடம், வேற ஒண்ணும் வோணாம்”னாங்க கோமதி. அடுத்த நிமிஷம் குழந்தையோட தாடையைப் புடிச்சு வெடுக்குன்னு தன் பக்கம் திருப்பினாங்க. அது கண்ணை இறுக்கி மூடிக்கிச்சு.

தாடையைப் புடிக்காதீங்க, ‘பாரு பாரு’ன்னு நச்சரிக்காதீங்க, பாக்கறதுல பயமில்லன்னு அவளுக்கே தோணணும்னு மனப்பாடமா ஒப்பிச்சேன். எத்தனை அம்மாங்ககிட்ட ஒப்பிச்சிருப்பேன்! கோமதி பொறுமையாக் கேட்டுட்டுச் சொன்னாங்க: “பாக்க மாட்டேங்குதுன்னுதான் இட்டாந்தேன். நீங்க இன்னாடான்னா பாக்க சொல்லாதன்றீங்க.”

பபுள்ஸ்

முதல்ல பபுள்ஸ். டப்பாவைக் கண்ணுக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஊதணும், சட்டுன்னு நிறுத்தணும், ‘இன்னும் ஊது’ன்னு குழந்தை நம்மளைப் பாக்கற வரைக்கும் காத்திருக்கணும். வர்ஷினி டப்பாவைப் பாத்தா, தரையைப் பாத்தா, ஜன்னல்ல போற ரயிலைப் பாத்தா. நான் காத்திருந்தேன், காத்திருந்தேன், கை ஓஞ்சு டப்பா சாஞ்சு சோப்புத் தண்ணி மொத்தமும் என் கண்ணுலயே கொட்டிச்சு. எரிச்சல்னா எரிச்சல்! தட்டுத் தடுமாறி வெளிய வந்தா, என்கூட வேலை பாக்கற ரஹ்மத் துண்டை நீட்டிக்கிட்டே சொன்னா: “அக்கா, அது பாக்கறது அப்புறம் இருக்கட்டும், மொதல்ல நீங்க கண்ணைத் தொறங்க.”

பொட்டு

அப்புறம்தான் என் மூளை வேலை செஞ்சுது. நெத்தியில ஸ்டிக்கர் பொட்டு வெச்சுக்கிட்டு, “எடு பாக்கலாம்”னேன். எடுக்கணும்னா கிட்ட வரணும், முகத்தைப் பாக்கணும். வந்தா! எடுத்தா! சிரிச்சுக்கிட்டே என் நெத்தியில திருப்பி ஒட்டினா. அன்னிக்கு ரஹ்மத்துக்கு டீ வாங்கிக் குடுத்து, கால் மேல கால் போட்டு உக்காந்தேன். மத்த நெத்திங்களைப் பத்தி யோசிக்கவே இல்ல, மடச்சி.

மறுநாள் செங்கல்பட்டு பஸ்ல, பக்கத்து சீட்டு அம்மா நெத்தியில இருந்த பெரிய சிவப்புப் பொட்டை வர்ஷினி லாவகமா உரிச்செடுத்துட்டா. கட்டினவர் கல்லு மாதிரி பக்கத்துலயே உக்காந்திருக்கார், சுமங்கலி பொட்டுல கை வெக்கலாமா? பஸ்ஸே ரெண்டுபட்டுப் போச்சு. கோமதி கையெடுத்துக் கும்பிட்டு, பர்ஸ்ல இருந்த கோயில் குங்குமத்தை வெச்சு விட்டப்புறம்தான் அடங்குச்சாம். ராத்திரி போன் பண்ணி என்கிட்டச் சொன்னாங்க: “எறங்கற வரைக்கும் அந்தம்மா என்னையே மொறச்சுகினு வந்துச்சு மேடம். கண்ணைப் பாக்கறத அதுகிட்ட கத்துக்கலாம்.”

அப்பா

ஒரு தடவை கோமதியோட வீட்டுக்காரர் வந்தார். முட்டுக்காடு பக்கம் ஒரு ஓட்டலுக்கு வேன் ஓட்டறவர். நான் சொன்னதையெல்லாம் என் மேஜையைப் பாத்துக்கிட்டே கேட்டுட்டு, எழுந்திரிக்கும்போது சொன்னார்: “நான்கூடத்தான் மொதலாளி மூஞ்சிய நேரா பாத்ததில்ல. வண்டி ஓடிகினுதான கீது?”

புடவை ஊஞ்சல்

போன வாரம் புடவையில ஊஞ்சல் கட்டி வர்ஷினியை உக்கார வெச்சேன். எனக்கு அன்னிக்கு உடம்பு அசதி, அதனால கோமதியையே ஆட்டச் சொன்னேன். எதிர்ல நில்லுங்க, ஆட்டுங்க, நிறுத்துங்க, வாயைத் திறக்காதீங்க. ஆட்டினாங்க, நிறுத்தினாங்க. ஒண்ணும் நடக்கல. திரும்ப ஆட்டினாங்க, நிறுத்தினாங்க. எனக்குக் கொட்டாவியே வந்துடுச்சு.

அப்பதான் வர்ஷினி நிமிந்தா. நேரா அம்மா கண்ணைப் பாத்தா. பாத்து, வாயெல்லாம் பல்லாச் சிரிச்சா. என் கொட்டாவி பாதியில நின்னு போச்சு.

கோமதி சட்டுன்னு தலையைக் குனிஞ்சு, முந்தானையால முகத்தை மூடிக்கிட்டாங்க. “ஐயோ, பாருங்க கோமதி, இதுக்குத்தான இத்தனை நாள் அலைஞ்சீங்க!”ன்னு கத்தினேன். வர்ஷினி இன்னும் அம்மாவைத்தான் பாத்துட்டிருந்தா. முந்தானைக்குள்ள இருந்து குரல் மட்டும் வந்துது: “வெக்கமா கீது மேடம். பொறந்ததுலேந்து என்ன யாருமே இப்டிப் பாத்ததில்ல.”

மகளைப் பாக்க வெக்கவே இத்தனை மாசம் ஆச்சு, அம்மாவைத் தலை நிமிர வெக்க இன்னும் எத்தனை மாசம் ஆகுமோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.