பேச்சுப் போனவரிடம் வந்த ஒரு சொல்

பேச்சு வராதவர்களோடு நாள் முழுக்கக் கதைப்பதற்குச் சம்பளம் வாங்குகிற உத்தியோகம் என்னுடையது. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பேச்சுச் சிகிச்சை. காலையில் இன்னும் பேசத் தொடங்காத பிள்ளைகள். மத்தியானத்துக்குப் பிறகு பாரிசவாதத்தில் பேச்சைத் தொலைத்த பெரியவர்கள். வீட்டில் அப்படி ஒருவரை வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்திருக்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது விளங்கும்.

படத்து மீன்

குருநகர் மரியதாஸ் முப்பத்தைந்து வருடம் கடலுக்குப் போனவர். வாதம் வலக்கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. நாங்கள் சொல்வது விளங்கும், பதில்தான் வராது. மனைவி பிலோமினாவுக்கு ஒரே ஆசை, அவர் தன்னோடு ஒரு சொல்லாவது கதைக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்த பட அட்டைகளில் மீனை எடுத்துக் காட்டினேன். மனுசன் உற்றுப் பார்த்துவிட்டு இடக்கையால் தள்ளிவிட்டார். பிலோமினா மெல்லச் சொன்னார்: "உது என்ன மீன் மிஸ்? வலையிலை வந்தாலும் உதைத் திருப்பிக் கடலிலை எறிஞ்சுபோடுவார்."

பாதிச் செபம்

ஒருநாள் என் அறைக்கு வெளியே காத்திருந்தபோது பிலோமினா செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர் பின்பாதியைச் சொல்வது வழக்கம். அவர் முன்பாதியை முடித்ததும், பக்கத்திலிருந்த மரியதாஸ் பின்பாதியைப் பிசகாமல் சொல்லி முடித்தார். தன் பெயரையே சொல்ல முடியாத மனுசன்! நான் ஓடிவந்தேன். மனப்பாடமாய்ப் பழகிய பேச்சு சிலருக்கு இப்படி அழியாமல் தப்பி நிற்கும், இது நல்ல அறிகுறி என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாதாவோடை கதைக்கிறார் மிஸ். என்னோடைதான் கதைக்கிறாரில்லை."

பெயர்

அதே வழியைப் பிடித்தேன். "பிலோ..." என்று நான் தொடங்க, அவர் "மினா" என்று முடிக்க வேண்டும். இரண்டு மாதம் பாடுபட்டோம். வியர்த்தார், மேசையில் அடித்தார், ஒருநாள் விம்மி அழுதார். கடைசியில்தான் கேட்டேன், வீட்டில் இவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார் என்று. பிலோமினா வெட்கப்பட்டார். கலியாணம் முடித்த நாளிலிருந்து "இஞ்சாரும்", அதாவது இங்கே பாரும், அவ்வளவுதானாம். ஒருநாளும் பெயர் சொன்னதில்லையாம். கரவெட்டியில் என் அப்பாவும் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார். எனக்கெங்கே போனது புத்தி? இதை ஏன் முதலே சொல்லவில்லை என்றேன். "நீங்கள் படிச்சனீங்கள். காரணத்தோடைதான் செய்யிறியள் எண்டு நினைச்சன் மிஸ்."

கூப்பிடுதல்

அடுத்த கிழமையே "இஞ்சாரும்" வந்தது, தெளிவாக. தாதிமார்கூடக் கை தட்டினார்கள். ஒரு மாதம் கழித்து வந்த பிலோமினா மெலிந்திருந்தார். முன்பென்றால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் தேத்தண்ணியோ உடுக்கச் சறமோ ஏதாவது ஒன்று வரும். இப்போது ஒன்றும் வருவதில்லை. ஒரு நாளைக்கு இருபது தரம் கூப்பிடுகிறார். போய் நின்றால், எதற்கென்று சொல்ல முடியாமல் கலங்குகிறார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். மற்றச் சொற்கள் இனி வராமலே போகலாம் என்று பிலோமினாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. பிலோமினாதான் என்னைத் தேற்றினார்: "கூப்பிட்ட உடனை போய்ப் பக்கத்திலை இருக்கிறன் மிஸ். அதுக்குத்தான் கூப்பிட்டவர் எண்டு வைச்சுக்கொள்ளுறன்."

மனிதருக்குப் பேச்சு எப்படி வந்தது என்று பக்கம் பக்கமாக எழுதிப் பரீட்சை பாஸ் பண்ணியவள் நான். எதற்கு வந்தது என்று அந்த வினாத்தாளில் ஒருவரும் கேட்கவேயில்லை.