ஓவர் சார்ஜ் பேட்டரியும் பத்து லிட்டர் தண்ணீரும்

வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் ஓட்டுகிறேன். இன்று ராசிபுரத்தில் பேட்டரிக் கடைக்காரர் சொன்னார்: "சார்ஜர்ல வோல்ட்டைக் கொஞ்சம் ஏத்தி வெய்யுங்க. இன்னும் கால் ஏக்கரா சேத்தி அடிக்கும்."

"பேட்டரி உப்பிப் போயிருமுங்க" என்றேன்.

"லாரில ஓவர்லோடு ஏத்தறதில்லீங்களா? பொம்பளைங்கன்னா பயம் இருக்கத்தானுங்க செய்யும்."

அவர் அப்படி வோல்ட்டை ஏற்றியே சார்ஜ் போட்டு ஓட்டிவந்த பேட்டரி ஒன்றைக் கேட்டேன். கொடுத்தார்.

கடைக்குப் பின்னால், டேங்க்கில் பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றி, முதலில் என் பேட்டரியில் பறக்கவிட்டேன். முழுவதும் தெளித்துவிட்டு இறங்கியது.

அதே பத்து லிட்டரோடு அவருடைய பேட்டரியில் ட்ரோன் ஜோராக எழும்பியது. பாதி டேங்க் தீருமுன்னே வோல்ட் சரிந்து தரைக்கு வந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது.

"இன்னைக்குக் காத்து அதிகமுங்க" என்றார்.

"சரிங்க. இதை உங்க ஊட்டுக்குள்ள வெச்சு இன்னொருக்கா சார்ஜ் போடுங்க."

பேட்டரி தீப்பிடித்தால் கொட்ட மணல் வாளியைத் தேடிப் போனார்.

பயம் யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.