வல்புர்கா வெட்டிய முள்ளங்கி

பூமியின் ஈர்ப்பு விசையை முழுசாக அளந்தவள் எங்கள் மியூனிக்கில் ஒருத்திதான், அதுவும் ஒரே ஒரு முள்ளங்கியை வைத்து. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். கூடவே இரண்டு ஜோடி செயற்கைக்கோளும் இருந்தன.

வல்புர்கா என்னோடு ஒரே அறையில் இருபத்தாறு வருஷம் கணக்குப் போட்டவள். செயற்கைக்கோள் எந்தப் பாதையில் சுற்ற வேண்டும் என்று வரைவது அவள் வேலை. ஒரு ஜோடியில் இரண்டு செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். கீழே மலை வந்தால் முன்னால் போவது முதலில் இழுபடும்; இடைவெளி மயிரிழையைவிட மெல்லிசாக மாறும். அதை அளந்தால் பூமி எங்கே எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் துருவத்துக்குத் துருவம் ஓடுகிற ஒரு ஜோடியை மட்டும் நம்பினால் ஈர்ப்புப் படம் ஜமக்காளம் மாதிரி கோடு கோடாக வரும். இரண்டாவது ஜோடியைச் சாய்த்து ஓடவிட்டால் கோடு மறையும் என்பது வல்புர்காவின் கட்சி. குழுத்தலைவர் லூட்கரோ, இரண்டும் துருவம் வழியாகத்தான் என்று பிடித்த பிடியை விடவில்லை. குழுவில் இருக்கிற ஏழு பேரும் கை தூக்கினால்தான் அவள் பாதை தேறும். இல்லாவிட்டால் நான்கு வருஷ உழைப்பு குப்பைக்கு.

முடிவெடுக்கும் நாளில் நல்ல ஜூலை வெயில். கூட்டத்தைப் பியர் தோட்டத்துக்கு மாற்றினோம். அங்கே பியரை வாங்கியாக வேண்டும். தின்பதை வீட்டிலிருந்து கொண்டுபோகலாம். வல்புர்கா பையிலிருந்து இரண்டு வெள்ளை முள்ளங்கியை எடுத்தாள்.

"லூட்கர், இத வெட்டுங்க. ஒரு பக்கம் பாதி ஆழம், அப்புறம் திருப்பிப் போட்டு மறுபக்கம்."

அவர் வட ஜெர்மனிக்காரர்; பியரோடு தின்ன எங்கள் ஊரில் முள்ளங்கி வெட்டுகிற விதம் தெரியாது. இரண்டு பக்கமும் நேராகவே வெட்டினார். வெட்டோடு வெட்டு சேர்ந்து, முள்ளங்கி வில்லை வில்லையாக மேசையில் உருண்டது.

"கத்தி சரியில்லம்மா."

"கத்தி நல்லாத்தான் இருக்கு. உங்க ரெண்டாவது ஜோடி மாதிரி, போன வழியிலயே திரும்பவும் போயிருக்கு."

மற்றதை அவள் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் சாய்வாகவும் வெட்டி, இரு முனையையும் பிடித்து இழுத்தாள். துருத்தி மாதிரி ஒரு முழத்துக்கு விரிந்தது. மேலே உப்பைத் தூவினாள்.

"கொஞ்சம் அழ விடணும்."

"யார, என்னையா?"

"முள்ளங்கிய, உப்புல தண்ணி விடட்டும். நீங்க தோத்தப்புறம் அழலாம்."

லூட்கர் ஒரு துண்டை மென்றார். கையைத் தூக்கினார். ஏழு கை. பக்கத்து மேசைகளெல்லாம் எழுந்து நின்று கைதட்டின.

இதை வல்புர்காவிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்து முடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஆறு கைதாண்டி. யாருக்கு இன்னொரு பியர்னு நீ கேட்டதுக்குத்தான் லூட்கர் தூக்கினார். என் பாதைக்குச் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டது மறுநாள் காலைல, விரல்ல பிளாஸ்திரியோட. வீட்ல நாலு முள்ளங்கி வெட்டிப் பாத்தாராம்."